கோட்டக்குப்பத்தில் ஒதுங்கிய இரண்டு பல் திமிங்கிலம்

1986 மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு விழுப்புரத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், நான்கு ரூபாய் டிக்கெட்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். முந்தின நாள் மாலை, என் மாணவியின் தந்தை காதர் பாய் கோட்டக்குப்பத்திலிருந்து கல்லூரிக்கு போன் செய்தார். துணிக்கடை வைத்திருப்பவர்.

"மேடம், பெரிய மீனு ஒண்ணு செத்து ஒதுங்கிக்கினு கெடக்குது. கடை டேப்பால அளந்தேன், பதினாறு அடி. மூக்கு நீட்டமா இருக்குது. பல்லு ரெண்டே ரெண்டுதான்."

"அது மீன் இல்ல பாய், திமிங்கிலம். யாரையும் தொட விடாதீங்க. காலையில வர்றேன்."

அது அலகுத் திமிங்கிலமாகத்தான் இருக்க வேண்டும். ஆழ்கடலிலேயே வாழ்ந்து முடிவது. அதில் சில இனங்களை உயிரோடு பார்த்தவர்களே இல்லை. பெரும்பாலான ஆண்களுக்குக் கீழ்த்தாடையில் இரண்டே பற்கள். அவற்றின் வடிவத்தையும், தாடையில் எங்கே நிற்கின்றன என்பதையும் வைத்துத்தான் இனத்தின் பெயரைச் சொல்ல முடியும்.

எட்டு மணிக்குக் கரையில் இறங்கி நடந்தால், குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். தலை மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு துடுப்பு மட்டும் வெளியே தெரிந்தது. மண்டியிட்டு அழுத்திப் பார்த்தேன். தோலுக்கடியில் விரல் எலும்புகள் தட்டுப்பட்டன. ஒரு காலத்தில் நான்கு கால்களோடு நிலத்தில் நடந்த விலங்கின் வழிவந்தது இது. அந்த ஆதித் திமிங்கிலத்தின் மண்டை ஓடு நம் பக்கத்து நாடான பாகிஸ்தானில் கிடைத்திருக்கிறது. இங்கே கையிலேயே கிடைத்ததை மண்ணைப் போட்டு மூடுகிறோம்.

"சார், ஒரு மணி நேரம் குடுங்க. தலையை மட்டும் எடுத்துக்கறேன்," என்று மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"நாத்தம் தாங்கலம்மா. பொதைக்கச் சொல்லி ஆர்டர். தோண்டறதுக்கு ஆர்டர் இல்ல," என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே துடுப்பின் மேலும் மண் விழுந்தது.

காதர் பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் எவ்ளோ சொன்னேன் மேடம், கேக்கல. குழி வெட்ற காண்ட்ராக்டரு நேத்தே தாடைய ஒடச்சி, ரெண்டு பல்லையும் எடுத்துக்கினு திண்டிவனம் பூட்டாரு. தாடைய கடல்ல வீசிட்டாங்க."

பத்தரை மணிக்குத் திண்டிவனம் பஸ். இன்னொரு நாற்பது கிலோமீட்டர். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். காதர் பாய் சொன்ன அடையாளப்படி, மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டிகள் இருந்த தெருவில் காண்ட்ராக்டர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் மரியாதையாக நாற்காலி போட்டார். அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். திமிங்கிலத்தின் பற்கள் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? காலையிலயே ஆசாரிகிட்ட குடுத்து ராவிட்டு வந்துட்டேன். பேரனுக்குச் செயின்ல கோக்கலாம்னு," என்று ஒரு தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சின் மேல் இரண்டு வளைந்த வெள்ளைத் துண்டுகள். நுனியும் அடியும் அரத்தால் தேய்க்கப்பட்டு, துளையும் போட்டாகிவிட்டது.

"ஏங்க, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மீன் பல்லுக்கு யாரைம்மா கேக்கணும்?"

"மீன் இல்லைங்க. உங்களப்போல, என்னைப்போல மூச்சு விடறது. குட்டி போட்டுப் பால் குடுக்கறது. இது எந்த ஜாதின்னு சொல்றதுக்கு இருந்ததே இந்த ரெண்டு பல்லுதான்." மோரைத் தொடவில்லை.

அவர் மனைவி தீப்பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். "எடுத்துக்கினு போங்கம்மா. புள்ளைக்கு இது வேணாம்."

மாலை நான்கு மணிக்கு விழுப்புரம் வண்டியில் ஏறியபோதும் கோபம் அடங்கவில்லை. அந்த ஒருவர் மேல் மட்டுமல்ல. ஆர்டரின் மேல், ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காத அவசரத்தின் மேல், முந்தின நாள் மாலையே கிளம்பாத என் மேலும்.

பற்களுக்கு அட்டை எழுதி, கல்லூரி ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். இடம்: கோட்டக்குப்பம். நீளம்: பதினாறு அடி. இனம் என்ற இடம் காலியாகவே இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அட்டையைப் படிப்பதில்லை. புலி நகமா என்று கேட்கிறார்கள்.