பளிச்சுன்னு வந்த படம்

மேல்வீட்டு செல்வி அக்காவோட இன்னைக்கு லோஹேகாவ்ல ஒரு போட்டோ கடைக்குப் போயிருந்தேன்.

போன மாசம் அக்காவோட தம்பி பைக் விபத்துல இறந்துட்டார். அவர் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது. வாட்ஸப்ல வந்த மங்கலான படம். அதைப் பெருசாக்கி ஃப்ரேம் போடணும். அக்காவுக்கு மராத்தி வராது, அதனால நான் துணைக்கு.

கடைக்காரர் படத்தை ஏதோ ஒரு ஏஐ ஆப்ல போட்டார். முகம் பளிச்சுன்னு வந்துடுச்சு. "பகா தாயீ, ஏக்தம் க்ளியர்", பாருங்கக்கா, எவ்வளவு தெளிவா இருக்குன்னு சந்தோஷமா மானிட்டரைத் திருப்பிக் காட்டினார்.

அக்கா மானிட்டர் கிட்ட குனிஞ்சு பார்த்தாங்க.

"நல்லாதான் இருக்கு. ஆனா இது அவன் இல்லம்மா."

"ஏன்க்கா?"

"அவனுக்கு முன்பல் பாதி உடைஞ்சிருக்கும். சின்னதுல நான் தள்ளிவிட்டு உடைஞ்சது. கல்யாணத்துக்கு முன்னாடி சரி பண்ணிக்கடான்னேன். 'இருக்கட்டும், நீ பண்ணின வேலைக்கு சாட்சி வேணும்ல'ன்னு சிரிப்பான்."

ஆப் அந்தப் பல்லை முழுசாக்கி, முகத்தோட நிறத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கி வெச்சிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் முகம் வாடிப்போச்சு. பழைய படத்தையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். கலங்கலாத்தான் இருந்தது. அக்கா அந்தப் பல் மேல விரலை வெச்சுக்கிட்டு ஆட்டோவுல அழுதுட்டே வந்தாங்க.

இருக்கிற முகத்தை இருக்கிறபடியே விடுறதுக்குப் போன்ல எந்த பட்டனை அழுத்தணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. வந்ததுலேர்ந்து தேடுறேன். என் போன் "இன்னும் அழகாக்கவா?"ன்னுதான் கேட்குது.