மேருவில் காவல் மாற்றம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாகையாவை எல்லோரும் 'பட்டாளத்தார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய சண்டையின்போது துருக்கிக்காரனை எதிர்த்து மெசபொடேமியா மணலில் பதுங்குகுழி வெட்டிய படையில் நாயக் என்ற சிறு அதிகாரியாக இருந்தவர். ஒரு குண்டு வெடித்து இடது காது அங்கேயே செவிடாகிப் போனது. சண்டை முடிந்ததும் மலாயாவுக்குக் கப்பலேறி, தண்டவாள வேலையில் மேஸ்திரி ஆனார். தன்னைப் போல் இங்கே கரை ஒதுங்கிய பழைய சிப்பாய்களைத் தேடிப் பிடித்து ஒரு சங்கமும் வைத்தார். உறுப்பினர் ஒருவர் நோயில் விழுந்தால் பக்கத்தில் ஆள் இருக்கும். செத்தால் பாடை தூக்கத் தோள் இருக்கும். இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் ஆற்றோரக் குடிசைக்காரர்களை முதுகில் சுமந்து மேட்டில் ஏற்றியதும் இவர்கள்தான்.

முப்பத்தொன்றில் ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தன. கிள்ளானுக்குப் பக்கத்து மேரு தோட்டத்தில் வேலை போன அய்யாவு, நாகையாவின் கீழ் மண் வெட்டிய சிப்பாய். ஒருநாள் அவன் மனைவி வீரம்மா கிள்ளானுக்கு ஓடி வந்து, அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சங்கத்துக்காரர் பீர் முகம்மதுவின் முன் விழுந்தாள்.

"வீட்டைச் சுத்திக் குழி வெட்டிட்டாருண்ணே. பாராங் கத்தியோட நிக்கிறாரு. புள்ள உள்ள மாட்டிக்கிச்சு."

பீர் முகம்மது ரயில்காரர்களிடம் சொல்லியனுப்பிய சேதி கிடைத்த கையோடு நாகையா கிளம்பினார். பிற்பகலில் இருவரும் மேருவை அடைந்தார்கள். வானம் கறுத்துக் கிடந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. லயத்து வீடுகள் எல்லாம் கதவடைத்திருந்தன.

"துரை போலீசுக்குச் சொல்லிட்டாராம். துப்பாக்கியோட வருவாங்கண்ணே," என்றார் பீர் முகம்மது.

நாகையா குழியைப் பார்த்தார். மார்பளவு ஆழம், வளைந்து வளைந்து போகும் வெட்டு. அவர் கற்றுக்கொடுத்த வெட்டேதான்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். "சிப்பாய் அய்யாவு! நாயக் நாகையா வந்திருக்கேன். காவல் மாத்தணும்."

மண் அப்பிய முகம் ஒன்று மேலே வந்தது. "சத்தம் போடாதீங்க நாயக். துருக்கிக்காரன் அந்தக் கடைசி மரத்துக்குப் பின்னால இருக்கான்."

"பாத்துட்டேன். இனி நான் பாத்துக்கறேன். உன் முறை முடிஞ்சிருச்சு. ஆயுதத்தைக் கொடுத்துட்டுப் போய்ப் படு."

அய்யாவு குழியிலிருந்து ஏறி வந்தான். பிறகு பாராங்கைப் பிடி முன்னால் வரும்படி நீட்டி, ஒரு சல்யூட் அடித்தான். உள்ளே போய்ச் சாய்ந்தவன் கட்டையாய்த் தூங்கிப்போனான். பீர் முகம்மது குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாயிடம் சேர்த்தார்.

அய்யாவு விழித்துப் பார்த்தால் குழியில் ஆள் இருக்க வேண்டுமே என்று நாகையா அங்கேயே நின்றார். மழை பிடித்துக்கொண்டது. கடைசி மரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்தார். செத்துப்போன இடது காதில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல. தோளில் ஒரு கை பட்டது.

பாராங் உயர்ந்தது.

"அண்ணே! நான் பீரு!"

வெட்டு, பீர் முகம்மதுவின் கழுத்தருகே காற்றில் நின்றது. இருவரும் மழையில் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

போலீஸ் வந்தபோது பிடிப்பதற்கு அங்கே தூங்கும் மனிதன் ஒருவன்தான் இருந்தான். சங்கத்தார் பொறுப்பேற்று அவனைக் கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள். கடையின் பின்னறையில் முறைவைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சங்குல் மண்வெட்டி எடுத்துக் குழியை மூடினார்கள். மாதங்கள் போகப்போக அய்யாவு கடைக்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்கினான். மழை நாட்களில் மட்டும் அவனை யாரும் தனியே விடுவதில்லை.

மேருவிலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாகையாவின் வீட்டு வாசலில் பீர் முகம்மதுவும் இன்னொரு சங்கத்துக்காரரும் வந்து நின்றார்கள். நாகையாவின் மனைவி இராஜம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன விசேஷம்ணே?"

அவர்கள் நாகையாவைப் பார்த்தார்கள். அவர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

"உள்ள வாங்கப்பா. என் முறை முடிஞ்சிருச்சு. நான் தூங்கி ரொம்ப நாளாச்சு."