ஆண்டு இறுதியில் துடைத்த நினைவு அட்டை

நான் எழுதிப் பழகியவன் அல்ல. பள்ளிக்கூடத்தின் தமிழ் வகுப்பிலும் கோவில் வகுப்பிலும் கற்றதுதான் என் தமிழ், வீட்டில் பேசுவது எங்கள் தீவின் மொழியான கிரியோல்தான். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலைச் சங்கதியைச் சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிரியோலில் பேசியதையும் இங்கே தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் தீவில் தேர் ரூஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ஸ்வெட்டர் டிசைன்களைக் கணினியிலிருந்து சிறிய பிளாஷ் நினைவு அட்டைகளில் ஏற்றி, பின்னல் இயந்திரங்களில் செருகுவது என் வேலை. இயந்திரம் அட்டையைப் படித்து வரிசை வரிசையாகப் பின்னும். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்ததும், சுவரோர இயந்திரத்தில் கைப்பகுதிகள் பழுதாக வரத் தொடங்கின. பிரான்சுக்குப் போகிற ஆர்டர். கையில் வைர வடிவங்கள் வரிசையாக ஏற வேண்டும். சிலவற்றில் நடுவே ஒரு வைரம் உடைந்திருந்தது. சிலவற்றில் இல்லை. எப்போதும் வந்தால் டிசைனைக் குறை சொல்லியிருப்பார்கள். எப்போதாவது வந்ததால் ஆளைக் குறை சொன்னார்கள்.

அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட மூத்த ஒரு பெண். எல்லோரும் அவரை அக்கா என்போம். காலில் நரம்பு சுருண்டு வீங்கியிருந்தது. பின்னல் பகுதியில் அவருக்கு ஒரு முக்காலி உண்டு. பாக்கிங் பகுதியில் யாருக்கும் உட்கார இடம் கிடையாது.

மேற்பார்வையாளரை ஷெஃப் என்று கூப்பிடுவோம். அவர் ஒரு கைப்பகுதியைத் தூக்கிக் காட்டினார்.

"நூல் அறுந்தா ஒழுங்கா முடிச்சுப் போட்டு ஓட்டத் தெரியாதா? நாளைக்கும் இப்படி ஒண்ணு வந்தா நீ பாக்கிங்குக்குப் போ."

"பொந்தியே, கடவுளே! நூல் அறுந்துபோகவே இல்ல ஷெஃப். வேணும்னா நீங்களே வந்து உக்காந்து ஓட்டிப் பாருங்க. முக்காலி தாங்குமான்னுதான் தெரியல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷெஃப் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு அக்கா குனிந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

திருப்பூரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருந்த ஒரு டெக்னீஷியன் எங்களோடு இருந்தார். அவருக்குக் கிரியோல் வராது. நான் தமிழில் பேசினால், "ஏனுங்க, ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரியே பேசறீங்க" என்று கேலி செய்வார். அதனால் இன்னும் குறைவாகப் பேசுவேன். அன்று நானே அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்த அட்டையை என் கணினியில் போட்டுப் பார்த்தார்.

"இதுல பழுதுன்னு குறிச்ச கட்டம் ஒண்ணுகூட இல்லீங்களே. யாராச்சும் அட்டையை முழுசா அழிச்சீங்களா?"

அழித்திருந்தோம். எங்கள் ஊரில் ஆண்டு முடிவதற்குள் வீட்டைக் கழுவி, சுவருக்குப் பெயின்ட் அடித்து, வேண்டாததை வெளியே போட்டாக வேண்டும். தொழிற்சாலையிலும் அப்படித்தான். பஞ்சுத் தூசியை ஊதினார்கள், ஊசிகளைக் கழற்றித் துடைத்தார்கள். அட்டைகளிலும் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்று ஷெஃப் சொல்லியிருந்தார். கணினியில் அதற்கென்று இருந்த கட்டளையை அவரே கொடுத்தார்.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்கற மாதிரி அட்டைக்கும் அடிச்சுட்டீங்களாக்கும்" என்று சிரித்துவிட்டு டெக்னீஷியன் விளக்கினார். அட்டையின் உள்ளே இடம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கிறது. சில கட்டங்கள் செய்யும்போதே பழுது. செய்தவர்கள் அவற்றைக் குறித்து அனுப்புகிறார்கள், இயந்திரம் தாண்டிப் போய்விடும். நாங்கள் அந்தக் குறிகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம். இப்போது பழுதான கட்டங்களிலும் டிசைன் ஏறுகிறது, இயந்திரம் சில நேரம் அதைத் தவறாகப் படிக்கும்போது வைரம் உடைகிறது. இன்னொன்று: பின்னிய துண்டுகளின் எண்ணிக்கையை இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரே கட்டத்தில் அழித்து அழித்து எழுதியதால் அந்த இடமும் தேய்ந்திருந்தது.

இதை ஷெஃபிடம் சொல்ல வேண்டும். சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். டெக்னீஷியன் தமிழில் சொல்லச் சொல்ல நான் கிரியோலில் சொன்னேன்.

"சத்தமா சொல்லு, மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார் ஷெஃப். மறுபடி முதலிலிருந்து சொன்னேன், துடைக்கச் சொன்னது அவர்தான் என்பது உட்பட.

"எல்லா அட்டையையும்தான் துடைச்சோம். இவ மெஷின்ல மட்டும் ஏன் வருது?"

திரும்பி டெக்னீஷியனிடம் கேட்டேன். மற்ற டிசைன்கள் சிறியவை, அட்டையில் பாதியைத்தான் எடுக்கின்றன, இது மட்டும் கடைசிவரை போகிறது என்றார். அதையும் சொன்னேன்.

ஷெஃப் கைப்பகுதியை என்னிடம் நீட்டினார். "சரி, செய்ங்க. ஆனா நாளைக்கு ஒரு வைரம் உடைஞ்சாலும் அவ பாக்கிங்தான். ஆலே, போங்க."

புது அட்டை வெளிநாட்டிலிருந்து வர நாளாகும். அதே அட்டையின் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போகாததைப் பழுது என்று குறித்தோம். ஒரு சுற்றில் சரியாக இருந்த சில கட்டங்கள் அடுத்த சுற்றில் தவறின. அதனால் திரும்பத் திரும்ப ஓட்டினோம். அட்டையைச் செய்தவர்கள் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதிப்பார்களாம். எங்களிடம் அந்த வசதி இல்லை. எல்லாப் பழுதும் அகப்பட்டுவிடும் என்று சொல்ல முடியாது என்றார் டெக்னீஷியன்.

பிறகு இயந்திரத்தின் அமைப்புகள். தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் எண்ணிக்கையை இடம் மாற்றி மாற்றி எழுதும்படி வைத்தோம். எழுதியதும் சரிபார்க்கவும், தவறினால் அந்தக் கட்டத்தை ஒதுக்கி உபரிக் கட்டத்துக்கு மாறவும் வைத்தோம். உபரி எவ்வளவு விடுவது என்பதில்தான் சிக்கல். அதிகம் விட்டால் டிசைன் கொள்ளவில்லை. குறைத்தால், வேலை நடுவில் இன்னொரு கட்டம் போனால் மாற இடம் இல்லை. கடைசியில் உடல்பகுதியின் டிசைனை வேறொரு அட்டைக்கு மாற்றிவிட்டு, கைப்பகுதியை மட்டும் இதில் ஏற்றினோம்.

அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு வந்து திரையில் குறித்திருந்த பழுதுக் கட்டங்களை எட்டிப் பார்த்தார். "இத்தனை ஓட்டையா? என் காலே தேவலாம் போல."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

மறுநாள் காலையில் ஒரு கட்டம் பழுதானது. இயந்திரம் அதை ஒதுக்கிவிட்டு உபரிக் கட்டத்துக்கு மாறிக்கொண்டது. கைப்பகுதிகளில் குறை இல்லை. அக்கா முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்தார்.