றஞ்சனி உலர்த்திய மருந்து

யாழ்ப்பாணத் தீவகத்தில், நாரந்தனை மீனவர் மரியநாயகத்தின் மகள் றஞ்சனிக்குக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. பயிரில் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் பங்கசு நாசினிகள் எவ்வளவு பழுதாகியிருக்கின்றன என்று அளப்பது அவள் தொழில். பழுதான மருந்து வேறொரு பொருளாகச் சிதையும். தூளைக் கரைத்து, அதனூடாக அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், அந்தச் சிதைபொருள் தனக்குரிய இடத்தில் ஒளியை விழுங்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம், 2002 நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தவள், வேலணையிலுள்ள பள்ளித்தோழி இந்துஜாவைத் தேடிப் போனாள். இந்துஜா வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். முந்தி நட்ட பாத்திகளில் தாள்கள் ஊதாப் புள்ளி விழுந்து சரிந்து கிடந்தன. மருந்தைக் கலக்கத் தெரியாமல் பயிரைக் கெடுத்துவிட்டாள் என்று மாமியார் நல்லம்மா ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

"நான் அளந்துதான் கலந்தனான். ஒருத்தரும் நம்பினமில்லை."

"நான் நம்புறன். அந்த மருந்திலை கொஞ்சம் தா" என்றாள் றஞ்சனி.

கொழும்பில் முதல் அளவை சரிவரவில்லை. தூள் ஈரம் குடித்திருந்தது. நீரும் அதே ஒளியை விழுங்கி வரைபைக் குழப்பியது. ஆய்வுகூட அடுப்பில் வைத்து உலர்த்தச் சொன்னார்கள் கூட வேலை செய்பவர்கள். அவள் மறுத்துவிட்டாள். சூடு பட்டால் மருந்து மேலும் சிதையும், கணக்குப் பொய்க்கும். ஈரம் உறிஞ்சும் உப்போடு கண்ணாடிச் சாடியில் அடைத்து, குளிரிலேயே பொறுமையாக உலரவிட்டாள். மறுபடி அளந்தபோது சிதைபொருளின் முகடு வரைபில் மலைபோல் எழுந்தது. இருந்த இடத்திலேயே கைதட்டிவிட்டாள்.

உடனே வேலணைக்குத் தொலைபேசி எடுத்தாள். "பிழை உன்னிலை இல்லையடி. வெக்கையும் ஈரமும் பட்டு மருந்து முந்தியே செத்துப்போச்சு. இது உடம்புக்கும் கூடாது, மிச்சத்தைத் தெளிக்காதை."

தகரக் கூரையின் கீழ் மருந்தை அடுக்கியிருந்த கடைக்காரர் நடராசா, விற்றதையெல்லாம் திருப்பி எடுத்துப் புதியது கொடுத்தார். பிந்தி நட்ட பாத்திகள் தப்பித் தழைத்தன.

அறுவடைக்கு றஞ்சனி லீவில் வந்தாள். நல்லம்மா மருமகளோடு ஓர் ஓலைக் கடகம் நிறைய வெங்காயத்தைச் சுமந்து நாரந்தனைக்கே வந்துவிட்டார். குசினியில் மீன்குழம்பு கொதிக்க, மரியநாயகம் மகளைச் சீண்டினார்.

"பழுது பாக்கிற ஆள், இந்த மீன் எப்ப பிடிச்சதெண்டு சொல்லும் பாப்பம்."

"அதுக்கு மெசின் தேவையில்லை அப்பா. இண்டைக்குக் காலமை."

நல்லம்மாதான் முதலில் சிரித்தார். அந்தப் போகத்திலிருந்து, மருந்து கலக்க இந்துஜாவைத் தவிர வேறெவரையும் அவர் விட்டதில்லை.