இடது சக்கரத்துத் திருகு

பெரியம்மாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாள். எதிரில் நிற்கிறவரின் முகம் மங்கலாகத் தெரிந்தால்தான் தாராளமாகத் திட்ட வருமாம். தெளிவாகத் தெரிந்தால் பாவமாகிவிடுமாம்.

வண்டி ஓட்டும்போது கண்ணாடியைக் கழற்ற முடியாது. அதனால் சாலையில் அவள் திட்டு கொஞ்சம் மரியாதையாகவே இருக்கும். குறுக்கே நடப்பவர்களுக்கு ஹாரன் அடிக்கமாட்டாள். ஜன்னலை இறக்கி, "தம்பி, இது என்ன உங்க மாமனார் வீட்டு மொட்டைமாடியா?" என்பாள். அந்தத் தம்பிக்கு அறுபது வயது இருக்கும்.

என் அம்மாவின் அக்கா அவள். ஒரு போட்டோ ஸ்டூடியோவின் கல்லாவில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூடியோவை மூடியதும், வீட்டு வாசலில் நின்றிருந்த சாம்பல் நிறப் பழைய காரைத் துடைத்து, தெருவிலுள்ள நான்கு குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போய் வரத் தொடங்கினாள். பெரியப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முன்சீட்டில் உட்கார்ந்த உடனேயே கண்ணை மூடிக்கொள்வார். பயமா என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல, நன்றி சொல்லிக்கறேன்" என்றார்.

அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கி வேலைக்குப் போகிறவன் நான். இது நடந்த வாரம் எனக்கு மதிய ஷிஃப்ட். அதனால் காலைகளில் அவள் கூடப் போனேன். பேசுவதற்கு அல்ல. அதற்கு அவளுக்கு ஆள் தேவைப்பட்டதே இல்லை.

தொடக்கம் பின்சக்கர பிரேக். இடது பக்கம் எண்ணெய் கசிகிறது என்று வண்டியைப் பட்டறையில் விட்டாள். மெக்கானிக் இரண்டு பின்சக்கரங்களையும் கழற்றிப் புது பிரேக் கட்டை, அவர்கள் பாஷையில் ஷூ, போட்டுக் கொடுத்தான். பத்து நாள் சரியாக இருந்தது. பிறகு பிரேக் மிதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகத் தொடங்கியது. பட்டறைக்குப் போனால் சக்கரத்துக்குப் பின்னால் எதையோ திருகி மேலே ஏற்றிவிடுவான். நாலு நாளில் மறுபடி இறங்கிவிடும். கிணற்றில் தண்ணீர் இறங்குவதைப் போல, யாரும் பார்க்காத நேரத்தில்.

"பழைய வண்டிக்கா," என்றான் மெக்கானிக். "ரெண்டு தடவை மிதிங்க, பிடிச்சுக்கும்."

பெரியம்மா அதை நம்பினாள். ஒரு வாரம் இரண்டு தடவை மிதித்தே ஓட்டினாள். பின்னாளில் அவளுக்கு மெக்கானிக்மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு இந்த ஒரு வாரத்துக்காகத் தன்மேலேயே இருந்த கோபம் என்று எனக்குத் தோன்றும்.

பள்ளி வாசலுக்கு முன்னால் ஒரு சரிவு. வியாழக்கிழமை காலை அந்தச் சரிவில் இரண்டாவது மிதிக்கும் பிடிக்கவில்லை. மூன்றாவதற்குப் பிடித்தது. அதற்குள் வாசல் ஓரத்துக் குப்பைத்தொட்டி வண்டியின் மூக்கில் பட்டு உருண்டு போயிருந்தது. தொட்டி இருந்த இடத்தில் கொஞ்சம் முன்புவரை ஒரு சின்னப் பெண் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பின்சீட்டில் நான்கு பேரும் கைதட்டினார்கள். முன்பல் இல்லாத பையன், "இன்னொரு தடவை, இன்னொரு தடவை!" என்று கத்தினான்.

பெரியம்மா அவர்களை இறக்கிவிட்டாள். பைகளை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் இறங்கிப்போய் அந்தத் தொட்டியை நிமிர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் இடது சக்கரத்தை மட்டும் கழற்றி, மூடிபோல இருந்த பிரேக் டிரம்மைத் தட்டி உருவினான். உள்ளே, இரண்டு ஷூக்களுக்கும் நடுவில், விரல் நீளத்தில் ஒரு திருகு. அதன் இடுப்பில் பற்கள் வைத்த சின்னச் சக்கரம். ஷூ தேயத் தேய, கைப்பிரேக் இழுக்கும்போதெல்லாம் இந்தத் திருகு ஒவ்வொரு பல்லாகச் சுற்றி நீண்டு கொடுத்து, ஷூவை டிரம்மை விட்டு விலகாமல் வைத்திருக்க வேண்டும். இது நீளவில்லை. முழுக்க உள்ளே போய், ஆமைத்தலை மாதிரி ஒடுங்கிக் கிடந்தது.

"அட்ஜஸ்டர் போயிடுச்சுக்கா. இது கிடைச்சா முடிஞ்சது வேலை. ஆனா கிடைக்காது."

"ஏன் கிடைக்காது?"

"சின்ன சாமான்க்கா. சின்ன சாமானெல்லாம் யாரும் வச்சுக்கறதில்ல. வண்டியப் பழைய இரும்புக்குக் கொடுத்துடுங்க."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "தம்பி, இந்தச் சின்ன சாமானாலதான் இன்னைக்கு ஒரு பிள்ளை என் வண்டி முன்னால... சரி விடு. எடுத்துக் கொடு அதை."

வண்டியை அங்கேயே ஜாக்கியில் நிறுத்திவிட்டு, திருகைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினோம். வந்ததும் நான்கு வீடுகளுக்கும் போன் செய்து, இன்று சாயங்காலத்திலிருந்து பிரேக் சரியாகும்வரை வரமாட்டேன் என்றாள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். மூன்று வீட்டில் உச்சுக் கொட்டினார்கள். முன்பல் இல்லாத பையனின் அம்மா மட்டும், "ரெண்டு தடவை மிதிச்சா பிடிக்குதுன்னு சொன்னீங்களே ஆன்ட்டி? மெதுவா ஓட்டிக்கலாமே? எனக்கு ஆபீசுல ஆடிட் வேற" என்றாள்.

பெரியம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, அதன் முகத்தைப் பார்த்தாள். "உன் பிள்ளைம்மா. உன் பிள்ளை."

"அது தெரியும் ஆன்ட்டி. நாளைக்காவது வருவீங்களா மாட்டீங்களா?"

பெரியப்பா பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "வண்டி நிக்கலேன்னாலும் இவங்களுக்குப் பரவாயில்ல. நீ நின்னுட்டாத்தான் கஷ்டம்" என்றார்.

மறுநாள் உதிரிபாகக் கடைத்தெரு. முதல் கடைக்காரர் திருகைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் தலையில், அழுக்குக்கு அடியில், கடுகளவு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து வெட்டியிருந்தது.

"இது எந்தப் பக்கம் கழட்டினது?"

"இடது."

"இது வலது பக்கத்து பீஸும்மா. ரெண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிரா இருக்கும். இதை இடது பக்கம் போட்டா நீளறதுக்குப் பதிலா சுருங்கும்."

அவர் அதைச் சொன்ன விதம், மழை வரும்போல என்று சொல்வதைப் போல இருந்தது. பெரியம்மாவின் கழுத்து சிவந்தது. மிதி ஏன் இறங்கியது என்பது இப்போதுதான் புரிந்தது. பிரேக்கைச் சரிசெய்ய வேண்டிய சாமான், ஒவ்வொரு முறை கைப்பிரேக் இழுத்தபோதும் பிரேக்கைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எங்கேயோ நொறுங்கிக் கிடந்த வண்டியிலிருந்து வலது பக்கத்துப் பழைய திருகைப் பிடுங்கி வந்து தன் தலையில் கட்டிவிட்டான் மெக்கானிக் என்று முடிவு கட்டினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"இடது பக்கத்துது ஒண்ணு கொடுங்க."

"ஒண்ணா வராதும்மா. செட்டாத்தான் வரும். டிரம், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து."

"சரி, செட்டே கொடுங்க."

"செட்டு நிறுத்திட்டாங்க."

"அப்ப வராதுன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போறதுதானே? எதுக்கு என்னைப் படியேத்திப் படியேத்தி இறக்கறீங்க?"

இரண்டாவது கடைக்காரர் சந்தோஷமான மனிதர். எது கேட்டாலும் இருக்கிறது என்பார். ஒட்டிய பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். பெரியம்மா கடையிலேயே பிரித்து, இரண்டு திருகையும் கட்டைவிரலால் சுற்றிப் பார்த்தாள். இரண்டும் ஒரே பக்கம் நீண்டன. இரண்டின் தலையிலும் 'ஆர்'.

"ஒண்ணை எல்லுன்னு நெனச்சுக்குங்க மேடம்," என்றார் அவர். "இல்லேன்னா தலைகீழாத் திருப்பிப் போடுங்க. மரையும் திரும்பிடும்ல?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களும் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்கள். நானும் ஒரு நொடி சரிதானோ என்று நினைத்துவிட்டேன். பெரியம்மா என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்து காட்டினாள். மூடினாள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி திறந்தாள். அதே பக்கம்தான் திறந்தது. தண்ணீர் முழுக்க அவர் மேஜைமேல், ரசீதுகள்மேல், அவர் மடிமேல் கொட்டியது.

"திரும்பிடுச்சா?" என்றாள்.

வெளியே வந்த பிறகு யாரோ உள்ளே, "அந்தம்மாவுக்கே ஒரு மரை கழண்டிருக்கு" என்றது கேட்டது. அவள் காதிலும் விழுந்தது. திரும்பிப் போகப் பார்த்தவளை பஸ் வந்து காப்பாற்றியது. அவளையா, அவர்களையா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை, பழைய வண்டிகள் உடைக்கும் இடம். நசுங்கிய கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, கழுவாத தட்டுகளைப் போல அடுக்கி இருந்தன. எங்கள் வண்டியின் அதே சாதி ஒன்று அடியில் கிடந்தது. உடைக்கிறவன் இளவயசுக்காரன், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான்.

"ஒரு திருகுக்காக வண்டியப் பிரிக்க முடியாது பாட்டி. சக்கரத்தோட அச்சு மொத்தமா வாங்கிக்கிட்டா பாக்கலாம்."

"யாருக்குடா பாட்டி? அச்சு வாங்கிட்டுப் போய் என்ன, கழுத்துல போட்டுக்கவா? சுத்தியல் எங்க இருக்கு சொல்லு. பிரிக்க ஆள் இருக்கு."

ஆள் நான்தான். துருப்பிடித்த டிரம்மை வெயிலில் உட்கார்ந்து தட்டினேன். என் விரலிலும் இரண்டு தட்டு விழுந்தது. பெரியம்மா பக்கத்தில் ஒரு டயர்மேல் உட்கார்ந்து, உலகத்தில் யாருக்குமே தன் வேலை தெரியவில்லை என்பதை எனக்கும் கட்டில்காரனுக்கும் சேர்த்து விளக்கினாள். கடைசியில் அவனே தாங்கமுடியாமல் எழுந்து வந்து, என் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி, ஓங்கி மூன்று அடி அடித்தான். டிரம் கழன்றது. உள்ளே திருகு. துடைத்தால், 'எல்'.

"எடுத்துட்டுப் போயிடுங்கம்மா," என்று கும்பிட்டான்.

நேராகப் பட்டறை. மெக்கானிக் திருகை வாங்கி உருட்டிப் பார்த்தான். "பரவாயில்லையே, கிடைச்சிருச்சே! கொடுங்க, அரை மணில முடிச்சிடறேன்."

"வலது பக்கமும் கழட்டு."

"வலதுல ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா."

"என் பழைய சாமான்ல நீ எதெது மிச்சம் வச்சிருக்கேன்னு நான் பாக்கணும். கழட்டு."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். வலது டிரம்முக்குள்ளும் திருகு முழுக்க ஒடுங்கிக் கிடந்தது. அவன் அதை எடுத்து, பெட்ரோல் துணியால் துடைத்தான். இன்னொரு முறை துடைத்தான். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

அதன் தலையில் 'எல்'.

புது வண்டியாக வந்த நாளிலிருந்து இடது சக்கரத்தில் இருந்த அதே திருகு, வலது சக்கரத்துக்குள் இருந்தது. வலதில் இருந்தது இடதுக்கு வந்திருக்கிறது. எதுவும் தொலையவில்லை. எதுவும் தேயவில்லை. எதையும் தேடியிருக்கவே வேண்டாம்.

"மாறிப்போச்சுபோல," என்றான் மெக்கானிக்.

"போல?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணா கழட்டி ஒரே தட்டுல கழுவினேன்க்கா. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு." பிறகு அவனுக்கே ஏதோ ஆறுதல் தோன்றியிருக்க வேண்டும். சிரித்தான். "நல்லவேளைக்கா. எல்லா சாமானும் வண்டியிலயேதான் இருந்திருக்கு!"

அந்தச் சிரிப்புதான். அவன் மன்னிப்புக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவன் திருகுகளை மாற்றிப் போட்டு, சக்கரங்களை மாட்டி, மிதியை அழுத்திக் காட்டும்வரை பெரியம்மா நின்று பார்த்தாள். மிதி மேலே, கல் மாதிரி நின்றது.

"பின்னால ஏறு," என்றாள்.

"எனக்கு வேலை இருக்குக்கா."

"நாலு பிள்ளைங்களுக்கும்தான் வேலை இருந்துது. ஏறு."

பின்சீட்டில் பென்சில் துருவலும் ஒற்றைச் சாக்ஸும் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் அவன் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். அவள் பள்ளிச் சரிவின் உச்சிக்குப் போய், வழக்கமான வேகத்திலேயே இறக்கினாள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். மெக்கானிக் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பிரேக்கைச் சரிசெய்தவன் அவன்தான். உதடு மட்டும் எதையோ வேண்டிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு முன்னால் அவள் ஒரு தடவை மிதித்தாள். வண்டி நின்றது.

பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்தான். பெரியம்மா அசையவில்லை. போனை எடுத்து, முன்பல் இல்லாத பையனின் அம்மாவுக்குப் போட்டு, ஒலியைக் கூட்டிப் பின்சீட்டுக்கு நீட்டினாள். "பேசு."

"மேடம், வண்டி இப்ப சூப்பரா இருக்கு மேடம்," என்றான் அவன்.

"இப்ப எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். அப்ப என்ன பண்ணினேன்னு சொல்லு."

அவன் சொன்னான். குரல் தரையில் ஊர்ந்தது. இடது, வலது, மாற்றிப் போட்டது, ஒரே தட்டு. மறுமுனையில் யாரோ கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஓகே ஓகே," என்றாள் அந்த அம்மா. "அப்ப திங்கட்கிழமை ஆன்ட்டி வருவாங்கதானே?"

பெரியம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வருவேன். எத்தனை மணிக்குன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல கை வேலைய நிறுத்திட்டு இதக் கேளும்மா. போன மாசம் வண்டிய இவன்கிட்ட விட்டேன்…"

வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அவள் ஜன்னலை ஏற்றிவிட்டு, எண்ணெய் கசிந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.