இருபத்திரண்டு பேருக்குச் சுடுதண்ணீர்

என் கடையின் பின்பக்கத்தில் ஓர் அலுமினிய அண்டா கிடக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் நன்றாக நசுங்கியிருக்கும். அடி முழுக்கக் கரி. என்னிடம் வேலை செய்பவர்கள் வெட்டி மிஞ்சிய செப்புக் குழாய்த் துண்டுகளை அதில்தான் போட்டு வைக்கிறார்கள். பழைய இரும்பு எடுக்க வரும் லோரிக்காரர் ஒவ்வொரு முறையும் அதைத் தட்டிப் பார்த்து, "பாஸ், இதையும் சேர்த்து எடுத்துக்கட்டா?" என்று கேட்பார். வேண்டாம் என்பேன். அந்த அண்டா என்னுடையது இல்லை. கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் மேட்ரனாக இருந்த ஓர் அம்மாவின் கையில் இருந்தது அது. நசுங்கியது என்னால்.

நான் ஏர்கோன் வேலை செய்பவன். சில வருஷங்களாக ஏர்கோனைவிட, கேஸ் ஹீட்டரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் பொருத்தும் வேலைதான் அதிகம் வருகிறது. ஏர்கோன் அறையின் சூட்டை வெளியே தள்ளுகிறது, இது வெளிக்காற்றின் சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. "நம்ம ஊர்ல வெளிய சூட்டுக்கா பஞ்சம்?" என்று கேட்டால் ஆட்கள் சிரித்துவிடுவார்கள். பாதி வேலை அந்தச் சிரிப்பிலேயே முடிந்துவிடும். அதை எத்தனை வீட்டில், எத்தனை ஹோட்டலில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இயந்திரம் நல்ல இயந்திரம், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இல்லத்துக்குப் பிறகு, எதையும் முழு வாயால் "கவலப்படாதீங்க" என்று சொல்ல எனக்கு வருவதில்லை.

இல்லத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு பழைய கேஸ் ஹீட்டர், அதன் கீழே இரண்டு கேஸ் தோங், பெரிய சிலிண்டர்கள். ஒருநாள் குழாயில் கேஸ் கசிந்துகொண்டிருக்க, பக்கத்தில் நின்று ஒரு தாத்தா பீடி பற்ற வைக்கப் போயிருக்கிறார். மேட்ரன் ஓடிப்போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் நிர்வாகக் குழுவினர் என்னைக் கூப்பிட்டார்கள். மேட்ரன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், வேதக்காரர், கழுத்தில் நூலில் கோர்த்த சின்னச் சிலுவை. தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி கிள்ளானுக்கு வருவார். வயது அறுபதை நெருங்கியிருந்தது. யாரைக் குளிப்பாட்டினாலும் முதலில் தன் முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பார். கைக்குச் சூடு பழகிவிடும், முழங்கைக்குப் பழகாது என்பார்.

நான் இரண்டு நாள் இல்லத்தில் உட்கார்ந்து, யார் எப்போது குளிக்கிறார்கள் என்று எழுதி எடுத்தேன். காலையில் எட்டுப் பேர், மாலையில் ஆறேழு பேர், தள்ளாத மற்றவர்களுக்குத் துணியை நனைத்துத் துடைப்பது. அதற்குத் தக்கபடி ஒரு தொட்டி போதும் என்று கணக்குப் போட்டேன். கேஸ் ஹீட்டர் குழாயைத் திறந்த நொடியில் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஹீட் பம்ப் அப்படி இல்லை. மெதுவாகச் சூடாக்கித் தொட்டியில் சேர்த்து வைக்கும், தொட்டி காலியானால் மறுபடி சூடாக மணிக்கணக்காகும். இதையெல்லாம் மேட்ரனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தீபாவளிக்கு எல்லாருக்கும் வருமா தம்பி?"

"வரும் மேட்ரன், கவலப்படாதீங்க லா," என்றேன். அவர் கேட்டது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என் கை அப்போது குழாயின் அளவை எடுத்துக்கொண்டிருந்தது.

பொருத்திய முதல் சில மாதம் எல்லாருக்கும் சந்தோஷம். ஹீட் பம்ப் பெட்டியின் பின்பக்கம் குளிர்ந்த காற்று வரும். மத்தியான வெயிலில் நான்கைந்து தாத்தாமார்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அதன் எதிரே உட்கார்ந்துவிடுவார்கள். "சுடுதண்ணி மிஷினுன்னு சொன்னானுங்க, இங்க ஏர்கோன் போட்டுக் குடுத்திருக்கானுங்க," என்று ஒருவர் சொன்னதை மேட்ரன் போனில் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அது ஒருமுறைதான்.

பிறகு தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்து, விடிவதற்குள் சுடுதண்ணீரில் தலை முழுகுவது என்பது பிறந்தது முதல் நான் செய்து வருவது. இருபத்திரண்டு பேரும் ஒரே காலையில், ஒரே ஒன்றரை மணி நேரத்தில் குளிப்பார்கள், எண்ணெயும் சீயக்காயும் போக ஒவ்வொருவருக்கும் இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும். இதை ஒரு சீனரோ மலாய்க்காரரோ மறந்திருந்தால் மன்னிக்கலாம். நான் மறந்தேன். வேதக்காரரான அந்த அம்மா மறக்கவில்லை.

அன்று விடியற்காலை ஐந்தரைக்கு நான் என் வீட்டுக் குளியலறையில் தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் போன் அடித்தது. மறுபடி அடித்தது. என் மனைவி கதவைத் தட்டி, "யாரோ மேட்ரன்னு பேர் வருதுங்க," என்றாள். "நல்ல நாளும் அதுவுமா! அப்புறம் பேசிக்கலாம்," என்று உள்ளிருந்தே கத்தினேன். போன் ஏழு முறை அடித்திருந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒன்பது மணிக்குத்தான் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, முடிஞ்சிருச்சு. தீபாவளி வாழ்த்து," என்றார். குரல் ரொம்பக் களைத்திருந்தது. அதைக் கேட்டும் நான் அன்று போகவில்லை. மறுநாள்தான் போனேன்.

நடந்ததைச் சமையல்கார அக்காதான் சொன்னார். ஒன்பதாவது ஆளோடு சுடுதண்ணீர் நின்றுவிட்டது. மீதிப் பேர் தலையிலும் உடம்பிலும் எண்ணெயோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேட்ரனும் அக்காவும் சமையலறை அடுப்பில் அந்த அண்டாவை வைத்துக் காய்ச்சி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொருவராகக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். எல்லாருக்கும் கடைசியாக நின்றவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். பெண்கள் முதலில் போகட்டும் என்று அவரே விட்டுக்கொடுத்தாராம். இழுப்பு நோய் இருந்ததால் அவரைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க மேட்ரன் விடவில்லை. அவருக்கென்று காய்ச்சிய அண்டாவைத் தூக்கி வரும்போது ஈரத் தரையில் மேட்ரனின் கால் வழுக்கிவிட்டது. அண்டா படியில் மோதி நசுங்கி, தண்ணீர் முழுக்கக் கொட்டிப்போனது. மணிக்கட்டு சுளுக்கிக்கொண்ட கையோடு மறுபடி அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறார்.

அந்தப் பெரியவரின் மகன் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை, தீபாவளி அன்று காலை ஏழரைக்கு வருவான். அப்பா காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டு, அப்படியே மாமனார் வீட்டுக்கு ஈப்போ போய்விடுவான். அந்த ஏழரை மணிக்காகத்தான் பெரியவர் வருஷம் முழுக்கக் காத்திருப்பார் என்று இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்று அவன் வந்தபோது அவர் இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக உட்கார்ந்திருந்தார். அவன் குனியப் போக, காலை உள்ளே இழுத்துக்கொண்டாராம்.

"குளிக்காம எப்படிடா துன்னூறு பூசுறது? கொஞ்சம் இரு. தண்ணி காயுது."

"டைம் ஆச்சுப்பா. ஹைவே ஜாம் ஆயிரும்."

பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, புதுச் சட்டை இருந்த பையையும் முறுக்கு டின்னையும் நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு தண்ணீர் காய்ந்தது. பெரியவர் குளித்து முடித்தார் என்று அக்கா சொன்னார்.

மேட்ரன் என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். கையில் கட்டோடு உட்கார்ந்து மருந்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "இன்னொரு தொட்டி வேணுமா தம்பி, இல்ல வேற வழி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்த மாதமே இரண்டாவது தொட்டியைப் பொருத்திக் கொடுத்தேன்.

அடுத்த தீபாவளிக்கு மனைவியின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் விடியற்காலை நாலரைக்கே இல்லத்தில் போய் நின்றேன். மேட்ரன் போன தீபாவளிபோலவே முந்தின நாளே வந்து தங்கியிருந்தார். நான் இருக்கிறேன் என்று சொல்லியும், சமையலறையில் அந்த நசுங்கிய அண்டா நிறையத் தண்ணீரை அடுப்பில் ஏற்றி வைத்திருந்தார். அது தேவைப்படவே இல்லை. இருபத்திரண்டு பேருக்கும் தண்ணீர் ஆவி பறக்க வந்தது. பெரியவரை முதல் ஆளாகக் குளிக்க வைத்தார். ஆறு மணிக்கெல்லாம் அவர் புது வேட்டியில், திருநீற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஏழரை ஆயிற்று. எட்டரை ஆயிற்று. பத்து மணிக்கு மகன் போனில் வாழ்த்துச் சொன்னான், இந்த முறை நேராக ஈப்போ போய்விட்டார்களாம். பெரியவர் "சரிப்பா, சரிப்பா" என்றார். மத்தியானம் வரைக்கும் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் போய் அவர் காலில் விழுந்திருக்கலாம். எனக்கு என்ன உரிமை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் வெறும் கூச்சம்தான். ஓரமாக நின்று தொட்டியின் மீட்டரைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தேன். மேட்ரன் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி நல்லா சூடா இருந்துச்சு தம்பி," என்றார்.

அடுத்த தீபாவளிக்குப் பெரியவர் இல்லை. மேட்ரன் மேலும் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் தங்கை வீட்டோடு போய், அங்கேயே காலமானார். இல்லத்தை வேறு இடத்துக்கு மாற்றியபோது தொட்டிகளைக் கழற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். தூக்கிப்போட வைத்திருந்த சாமான்களில் அண்டாவும் இருந்தது, எடுத்து வந்துவிட்டேன். இன்றைக்கு யார் வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும் முதலில் கேட்பது, எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்கும் நாள் எது என்பதுதான். சீனப் புத்தாண்டா, நோன்புப் பெருநாளா, தைப்பூசமா என்று கேட்டால் சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் செப்புத் துண்டுகளைக் கொட்டிவிட்டு அண்டாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். கரி போவதில்லை. மறுநாள் விடியற்காலை, போனைக் குளியலறை ஜன்னலில் சத்தம் முழுக்க ஏற்றி வைத்துவிட்டுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அந்த எண்ணிலிருந்து இனி அழைப்பு வராது என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு சொம்புக்கும் நடுவில் கை நின்றுவிடுகிறது.