ஞாயிற்றுக்கிழமை அறுந்துபோகும் லைன்

பொய்ப்பல் செய்யும் லேபில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. மெழுகில் ஈறு வடிப்பது அவள் வேலை. முகம் தெரியாத யாரோ ஒருவர் சிரிக்கும்போது ஈறு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு காலைப் பொழுதையே செலவழிப்பாள். முதலாளி வந்து "போதும்மா, அனுப்பிடலாம்" என்று கெஞ்சினாலும் கத்தியைக் கீழே வைக்க மாட்டாள். எடுத்த காரியத்தில் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்க முடியாது என்பதால் சின்ன வயதில் அவளுடைய அண்ணன் வைத்த பெயர் கோந்து. கல்யாணத்துக்குப் பிறகு புருஷனும் அப்படியே கூப்பிட, நாளடைவில் லேபிலும் அவள் கோந்துதான்.

அண்ணன் பஸ் டிப்போவில் வண்டிகள் வந்து போகும் நேரம் குறிப்பவர். மனைவி பிரிந்துபோன பிறகு ஒரே ஒரு பெட்டியோடு தங்கை வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். டியூட்டி முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பிடக் கூப்பிட்டால் "உம்". அதுதான் பேச்சு. கோந்துவுக்கு அது தாங்கவில்லை. யாரோ கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, தூசி தட்டி, பழுதான பாகங்களை மாற்றி, கோட்டை கட்டிச் சண்டை போடும் பழைய விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றி, அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். படுக்கையறையில் அவளுடைய கம்ப்யூட்டர், கூடத்தில் புருஷனுடையது, முன்னறையில் அண்ணனுடையது. மூன்று வயர்களும் புருஷனின் மேசைக்கு அடியிலிருந்த ஒரு சின்னப் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. மூவரும் ஒரே கட்சி, எதிரிப் படையைக் கம்ப்யூட்டரே ஓட்டும்.

முதல் ஞாயிறு மத்தியானமே முன்னறையிலிருந்து, "மாப்ள, உன் கோட்டை எரியுதுய்யா, எங்கே பாத்துட்டு இருக்கே!" என்று அண்ணன் கத்தியிருக்கிறார். கூடவே சிரிப்பும். மறுநாள் லேபில் கோந்து அதைச் சொன்னாள். "எங்க அண்ணன் சிரிச்சாருப்பா" என்று மெழுகு அடுப்பை அணைக்க மறந்து நின்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானம் அந்த வீட்டில் வேறு எதற்கும் இடமில்லை. அறைக்கு அறை குரல் பறக்கும். பெரும்பாலும் அவள் குரல். "அண்ணா, மரம் வெட்ட இத்தனை பேர் எதுக்கு? பாதிப் பேரைக் கல்லுக்கு அனுப்பு." "என்னங்க, வடக்குச் சுவரை மூடாம எங்கே கிளம்பிட்டீங்க?" அவள் சொன்னபடி செய்தால் ஜெயித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு லைன் அறுந்துபோக ஆரம்பித்தது. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து அவள் திரை உறைந்து நிற்கும். தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு கட்டம் வந்து விழும்.

"எனக்குப் போச்சு! உங்களுக்கு?"

"எங்களுக்கும் போச்சு" என்பார் கூடத்திலிருந்து புருஷன். "இன்னிக்கு இதோட விட்டுடலாம் கோந்து."

விடுவாளா? இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே நெட்வொர்க் முகவரி எண் விழுந்திருக்குமோ என்று பார்த்தாள். மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்தாள். மூன்றிலும் இருப்பது விளையாட்டின் ஒரே பதிப்புதானா என்று சரிபார்த்தாள். ஃபயர்வால் வழிமறிக்கிறதோ என்று அதற்கு விலக்குக் கொடுத்தாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நெட்வொர்க் கார்டு நடுவில் தூங்கிவிடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள், அந்த வசதியை அணைத்தாள். பெட்டி சூடாகிறதோ என்று அடியில் செங்கல் வைத்துத் தூக்கினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வாயில் வேறு பேச்சே கிடையாது. பல்லைப் பற்றிப் பேச மாட்டாளா என்று எங்களுக்கே ஏக்கமாகிவிட்டது.

ஒரு வாரம், ஆட்டம் நடக்கும்போதே திரையின் ஓரத்தில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, அண்ணனின் கம்ப்யூட்டரை "இருக்கிறாயா, இருக்கிறாயா" என்று விடாமல் கேட்கவைத்தாள். பதில் வரி வரியாக வந்துகொண்டிருந்தது. ஆட்டம் அறுந்த அதே நொடியில் பதிலும் நின்றது, கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வந்தது. அப்படியென்றால் விளையாட்டில் கோளாறு இல்லை. வயரில், இல்லையென்றால் பெட்டியில். இதே சோதனையைப் புருஷனின் கம்ப்யூட்டரிலும் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். எங்களுக்கும் போச்சு என்று அவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

புது வயர் வாங்கிப் போட்டாள். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து அவள் வயரைச் செருக, பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் அடித்தது புருஷன். "பாவம், எவ்வளவு கஷ்டப்படறே" என்று அவள் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்தும் விட்டார். அந்த ஞாயிறும் லைன் போயிற்று. நேரே வயர் விற்ற கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே, "ஏமாத்தறதுக்கு என்னை விட்டா ஆள் கிடைக்கலையா உங்களுக்கு?" என்று கடைக்காரரைப் பிடி பிடியென்று பிடித்தாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் வேறு வயரை எடுத்து நீட்டினார்.

அதுவும் உதவவில்லை. மிச்சமிருந்தது பெட்டியில் அவள் வயர் செருகியிருக்கும் ஓரத்துத் துளை. அதுதான் கெட்டிருக்க வேண்டும். சோதிக்க ஒரே வழி இடம் மாற்றிப் பார்ப்பது. சனிக்கிழமை புருஷன் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது, தன் வயரை அவர் துளையிலும் அவர் வயரை ஓரத்துத் துளையிலும் செருகிவைத்தாள். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றாததால் சொல்லவில்லை.

மறுநாள் ஆட்டம் அமர்க்களமாகப் போனது. அவள் குதிரைப்படை எதிரியின் வாசலை உடைக்கும் நேரம். "அண்ணா, பின்னாடியே வா! என்னங்க, நீங்க அங்கேயே நில்லுங்க, அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ஐயய்யோ, மச்சான், எனக்குப் போச்சு!" என்று கூடத்திலிருந்து புருஷன் அலறினார்.

அவள் திரையில் எதுவும் நிற்கவில்லை. துளைதான் என்று அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறப்பதற்குள் முன்னறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. ஹெட்போன் மாட்டியிருந்ததால் தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

"உனக்கு எப்படிய்யா போகும்? அவ வயரைத்தானே எப்பவும் புடுங்குவே?"

கோந்து எழுந்து கூடத்துக்கு வந்தாள். புருஷன் மேசைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்தபடி, கையும் வயருமாக மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அண்ணனும் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி வந்தார்.

"உங்களுக்கும் போச்சுன்னு சொன்னீங்களே?"

"அது... சும்மா விளையாட்டுக்கு..."

"எனக்கு லைன் போனதுக்கு அப்புறம்?"

புருஷன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன்தான் சொன்னார். "நாங்க ரெண்டு பேரும் தொடர்ந்து ஆடுவோம். சத்தத்தைக் குறைச்சுட்டு."

அவளுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே உட்கார்ந்து கோளாறுக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு பக்கத்திலிருந்தும் மவுஸ் தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் பத்திரிகை படிக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"என்ன தப்பு பண்ணேன் நான்?"

"தப்பெல்லாம் இல்ல கோந்து," என்றார் அண்ணன். "நாள் பூரா டிப்போவுல அதைச் செய் இதைச் செய்யுன்னு கேட்டுட்டு வரேன். இங்கேயும் அதேதான். தோத்தாலும் பரவாயில்ல, சும்மா ஆடலாம்னு பாத்தா நீ விட மாட்டே."

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு..." என்று இழுத்தார் புருஷன்.

"இப்ப படலையா?" என்றாள். பிறகு குரல் உடைந்துவிட்டது. "நீங்க டார்ச் அடிச்சீங்க. நான் கீழே கிடந்து தேடினேன், நீங்க பக்கத்துல உக்காந்து டார்ச் அடிச்சீங்க."



மறுநாள் லேபில் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் வயர்க் கடைக்குப் போக வேண்டும், துணைக்கு வா என்று என்னை அழைத்தாள். வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கடையில் கூட்டம் இருந்தது. அன்றைக்குத் திட்டியதும் கூட்டத்தில்தானே என்று, கூட்டம் கலையக் காத்திருக்காமல் எல்லார் எதிரிலும், "உங்க வயர்ல ஒரு குறையும் இல்லீங்க. நான் பேசினதுதான் தப்பு" என்றாள். கடைக்காரர் சங்கடத்தோடு, "பரவாயில்லம்மா. கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். "தெரிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடகடவென்று வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் அவர்கள் இருவரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். பெட்டியைக் கழற்றி அவள் அறையிலேயே மாட்டினார் புருஷன். "இனிமே எங்க கை படாது, வந்து ஆடு" என்று கதவருகே நின்று கெஞ்சினார் அண்ணன். ஒரு ஞாயிறு போய் உட்கார்ந்தாள். லைன் அறுந்துபோகவே இல்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. வடக்குச் சுவர் திறந்து கிடந்தது, எதிரி உள்ளே வந்தான், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கோந்து, நான் என்ன பண்ணட்டும்? சொல்லேன்" என்றார் புருஷன்.

"உங்க இஷ்டம்."

மூன்று கோட்டைகளும் எரிந்து முடிந்தன. அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே நடக்கப் போனார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் ஆடக் கூப்பிடவில்லை. சில மாதங்களில் அண்ணன் டிப்போவுக்குப் பக்கத்தில் தனியாக அறை பார்த்துக்கொண்டு போனார். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. இப்போதும் வருகிறார், சாப்பிடுகிறார், அவளும் பரிமாறுகிறாள்.

எனக்குத் தெரிந்து அவள் புருஷனிடம் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் அவர் தான் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து போன் செய்து, "வேலை ஜாஸ்தி, வர நேரமாகும்" என்று சொன்னால், சரி என்று வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அச்சகத்து லேண்ட்லைன் நம்பரைப் போடுவாள். அவர் அங்கேதான் இருப்பார்.